ஐ10 காரில் பெட்ரோல் பம்பை வீட்டிலேயே மாற்றலாமா?

நாகல்நகர் ஐ10 எழுதியது:

வணக்கம். வண்டி 2011 மாடல் ஐ10, 1.1 பெட்ரோல். அப்பா வாங்கியது, இப்போது என் கையில். காலையில் சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. திண்டுக்கல் ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. மதிய வெயிலில் நத்தம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனாலோ, சிறுமலை ஏறினாலோ இழுவை குறைகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முக்குகிறது, திணறுகிறது, அப்புறம் அடங்கிவிடுகிறது. போன ஞாயிறு சிறுமலைக் கொண்டை ஊசி வளைவிலேயே நின்றுவிட்டது. பின்னால் மலைவாழை ஏற்றிய மினி லாரி, அதற்குப் பின்னால் டவுன் பஸ். என் மனைவி இறங்கிப் போய்க் கை காட்டி நிறுத்தினாள். அரை மணி நேரம் ஓரமாக விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது.

ஒரு பட்டறையில் ‘பம்ப் போச்சு, 11,000 ஆகும்’ என்றார்கள். இன்னொரு இடத்தில் டேங்கையே இறக்க வேண்டும், இரண்டு நாள் வண்டியை விடுங்கள் என்றார்கள். ஆனால் பின்சீட்டுக்கு அடியில் ஒரு தகர மூடி இருக்கிறது. அதைக் கழற்றினால் பம்பின் தலை தெரியும் என்று கேள்விப்பட்டேன். பிரேக் பேடு, பிளக், ஏர் பில்டர் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன். மல்டிமீட்டர் இருக்கிறது. வீட்டு போர்ட்டிகோவில் வைத்துச் செய்யலாமா? முழு செட்டாக வாங்க வேண்டுமா, உள்ளே இருக்கும் மோட்டார் மட்டும் போதுமா?

பழைய ஆம்னி எழுதியது:

வேண்டாம் சார். ஆம்னி, 800 கார்புரேட்டர் காலத்தில் பம்ப் எஞ்சினோடு வெளியே ஒட்டிக்கொண்டு இருக்கும். இரண்டு நட்டு, இரண்டு டியூப், ரோட்டோரத்திலேயே மாற்றிவிட்டுப் போவோம். அதில் அழுத்தமும் பேருக்குத்தான் இருக்கும். இப்போது வருவது டேங்குக்குள்ளே, அதுவும் இவ்வளவு அழுத்தத்தில். பெட்ரோல் விளையாட்டில்லை. 11,000 அதிகம்தான், பேரம் பேசி எட்டுக்கு முடியுங்கள்.

கணபதி லேத் எழுதியது:

தம்பி, ஆம்னிக்காரர் சொன்னதில் பாதியை நானும் ஒத்துக்கொள்கிறேன். பெட்ரோல் விளையாட்டில்லை. ஆனால் பிரேக் பேடு மாற்றிய கைக்கு இந்த வேலை கஷ்டமே இல்லைங்க. டேங்கை இறக்கச் சொன்னவர் உங்கள் வண்டியின் பின்சீட்டைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார். கஷ்டமெல்லாம் போனது பம்புதானா என்று தெரிந்துகொள்வதில் இருக்கிறது. பம்ப் மாற்றிய பிறகும் நிற்கிறது என்று எங்கள் கோவை கணபதிப் பக்கத்துப் பட்டறைகளுக்கு வரும் வண்டிகளைப் பார்க்கிறேன். பழைய பம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாற்ற வேண்டியதை மாற்றாமல் வந்திருப்பார்கள்.

ஊரே பம்ப் செய்கிற கோயம்புத்தூரில் இருக்கிறேன், அதனால் இப்படிச் சொல்கிறேன். உங்கள் டேங்கில் கிடப்பது போர்வெல்லில் இறக்கும் சப்மெர்சிபிளின் குட்டி. தண்ணீரில் மூழ்கி இருக்கும்வரை அது எப்படிச் சூடேறாதோ, அப்படித்தான் இதுவும். பெட்ரோல் மோட்டாருக்குள்ளேயே ஓடி அதைக் குளிர வைக்கிறது. ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டுகிறவர்களின் பம்ப் சீக்கிரம் போவது அதனால்தான். 35 லிட்டர் டேங்கில் ஐந்நூறு ரூபாய்க்கு அடித்துக்கொண்டு மலை ஏறினால், பாவம் அது என்ன செய்யும்? உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் குளிரில் ஓடும், சூடானதும் துவளும், ஆறினால் மறுபடி ஓடும். உங்கள் வண்டியின் நோய் இதற்குப் பொருந்துகிறது.

ஆனால் இதே நோயைக் காட்டும் இன்னொரு ஆள் கிராங்க் சென்சார், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லுகிறது. அதுவும் சூட்டில் செத்து, ஆறினதும் பிழைக்கும். ஒரு வித்தியாசம்: சென்சார் போனால் சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் எஞ்சின் பட்டென்று நிற்கும். பம்ப் போனால் நீங்கள் எழுதியதுபோல் முக்கி, திணறி, பிறகு நிற்கும். இருந்தாலும் ஊகத்தை வைத்துக் காசைக் கொட்டாதீர்கள். அடுத்த முறை நின்றதும் வண்டி ஆறுவதற்குள் இதைச் செய்யுங்கள்.

செல்ப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசைகிறதா பாருங்கள். அசையவே இல்லை என்றால் சென்சார் பக்கம் போங்கள். வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் பி0335 என்ற பிழைக் குறியீடு பதிவாகி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் யாரையாவது சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பச் சொல்லிவிட்டு, பின்சீட்டில் காதை வையுங்கள். இரண்டு விநாடி ‘ம்ம்’ என்று முனக வேண்டும். முனகலே இல்லையென்றால் முதலில் பியூஸ், பிறகு ரீலே (பம்புக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்). பியூஸ் பெட்டியில் அதே வகை ரீலே இன்னொன்று இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள், காசில்லாத சோதனை.

கடைசியாக அழுத்தம். பெட்ரோல் பிரஷர் கேஜ் ஒன்றை யாரிடமாவது வாங்கி, எஞ்சின் பக்கத்து பெட்ரோல் லைனில் மாட்டிப் பார்க்க வேண்டும். இந்த வகை ஹூண்டாய் பெட்ரோல் எஞ்சின்களில் சுமார் 3.5 பார் நிற்கும். குளிரில் 3.5 காட்டி, சூட்டில் இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வாருங்கள், மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

மலைக்கோட்டை எலக்ட்ரிகல் எழுதியது:

லேத் அண்ணன் சொன்னதோடு ஒன்று. பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து 12 வோல்ட் வருகிறது என்று திருப்திப்பட்டு விடாதீர்கள். வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். மீட்டர் கரண்ட் இழுக்காது, பம்ப் இழுக்கும். பிரேக் லைட்டில் போடும் 21 வாட் பல்புக்கு இரண்டு வயர் ஒட்டி, அதைக் கனெக்டரில் மாட்டிப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் லைன் சரி. மங்கினால் பம்பைத் தொடாதீர்கள், எர்த் வயர் பாடியில் பிடிக்கும் இடத்தைச் சுரண்டுங்கள். எங்கள் கடைக்கு வரும் ‘பம்ப் கம்ப்ளைன்ட்’ வண்டிகளில் எர்த் துருப்பிடித்தது நிறைய. இந்த பல்பு சோதனையை பெட்ரோல் பைப் எதையும் கழற்றுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். திறந்த டேங்க் பக்கத்தில் பல்பு, வயர் எதுவும் ஆகாது.

நாகல்நகர் ஐ10 எழுதியது:

நன்றி அண்ணே. மறுபடி நத்தம் ரோட்டில் நிற்க வைத்துப் பார்த்தேன் (அதற்கே மெனக்கெட்டு மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினேன்). ஆர்பிஎம் முள் அசைகிறது. முனகல் வருகிறது, ஆனால் காலையில் வரும் முனகலைவிட மெலிசு, இழுத்தாற்போல் இருக்கிறது. பல்பு நன்றாக எரிகிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் கேஜ் கொடுத்தார்: காலையில் 3.4, சூடான பிறகு 2-க்கும் கீழே, மிதித்தால் இன்னும் இறங்குகிறது. பம்ப்தானே?

கணபதி லேத் எழுதியது:

பம்ப்தான். இனி வேலைக்கு வருவோம். முதலில் இடம்.

போர்ட்டிகோ வேண்டாம், தம்பி. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலையாது, தரையோடு தவழும். வாசற்படி தாண்டி வீட்டுக்குள் போனால் அங்கே சாமி விளக்கு இருக்கும், கேஸ் அடுப்பு இருக்கும், பிரிட்ஜ் தானாக ஓட ஆரம்பிக்கும், யாராவது தண்ணி மோட்டார் ஸ்டார்ட்டரை அமுக்குவார்கள். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும் ஆவிக்கு சுவிட்சில் வரும் பொறியே போதும். மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றும் அளவுக்கு ஆவி விடும் சரக்கு அது. ஊட்டியில் வைத்துச் செய்தாலும் குளிர் காப்பாற்றாது. அதனால் காலி மனை, திறந்த இடம், காலை நேரம். நாலு கதவும் டிக்கியும் திறந்திருக்கட்டும். காற்றுக்கு டேபிள் பேன் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதன் சுவிட்சும் பொறி விடும். பவுடர் வகை தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில், ஆனால் காருக்குள் அல்ல, வெளியே. பக்கத்தில் இன்னொரு ஆள். பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, மிதந்து பரவும். நைலான் சட்டை வேண்டாம், பருத்தி போடுங்கள். மூடியைத் தொடுமுன் காரின் வெறும் இரும்பை ஒரு முறை தொட்டுவிடுங்கள்.

டேங்கில் கால் பாகத்துக்கும் கீழே இருக்கும்படி ஓட்டித் தீர்த்துவிட்டு வாருங்கள். டியூப் வைத்து வாயால் உறிஞ்சி எடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம், நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். எஞ்சின் ஆறட்டும்.

பின்சீட்டின் குஷனைத் தூக்கி, தகர மூடியைக் கழற்றுங்கள். உடனே உள்ளே கை வைக்காதீர்கள். பதினைந்து வருடத் தூசி அங்கே உட்கார்ந்திருக்கும், பம்ப் தலையைச் சுற்றி மண் திட்டாக. பிரஷ், ஈரத்துணி வைத்துத் துடைத்து எடுங்கள். இதை விட்டுவிட்டுத் திறந்தால் அந்த மண் முழுக்க டேங்கில் விழும். புது பம்பின் வலையில் போய் ஒட்டும்.

இப்போது கனெக்டரின் பூட்டை அமுக்கிக் கழற்றிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். லைனில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும். இன்னொரு முறை செல்ப் அடித்து உறுதி செய்யுங்கள். இதன் பிறகுதான் பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். கழற்றியது கழற்றியதுதான், டேங்க் முழுக்க மூடும்வரை மாட்டக் கூடாது.

பெட்ரோல் பைப் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் இருக்கும். இரு பக்கமும் அமுக்கிக்கொண்டு, முதலில் உள்ளே ஒரு தள்ளு, பிறகு வெளியே இழு. பழைய வண்டியில் இது முரண்டு பிடிக்கும். கொறடு போட்டு நெம்பினால் உடையும். உடைந்தால் பம்பைவிட அந்தப் பைப் கிடைப்பதுதான் பெரும்பாடு. அழுத்தம் இறக்கியிருந்தாலும் கொஞ்சம் வழியும், பனியன் வேஸ்ட் சுற்றிப் பிடியுங்கள். அந்த வேஸ்டை வண்டிக்குள் போடாமல் தள்ளி வெயிலில் விரித்துவிடுங்கள்.

தலையைப் பிடித்திருப்பது சுற்றிலும் சிறு போல்ட்டாக இருந்தால் ஸ்பேனர் போதும். திருகு வளையமாக இருந்தால் இரும்பு உளியும் சுத்தியலும் எடுக்காதீர்கள். மரக்கட்டை அல்லது பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டுங்கள். வெளியே எடுக்கும்போது நேரே தூக்காமல், சாய்த்துச் சாய்த்து எடுங்கள். மிதவைக் கம்பி வளைந்தால் பிறகு உங்கள் பெட்ரோல் முள் காலமெல்லாம் பொய் சொல்லும். எடுத்ததும் ஓட்டையைத் துணி போட்டு மூடுங்கள். உள்ளே இருக்கும் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும், சீட்டில் கொட்டிவிடாமல் தகரத் தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம்.

செட்டா மோட்டாரா என்ற கேள்விக்கு என் பதில்: மிதவையும், அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டரும் நன்றாக இருந்தால் மோட்டார் மட்டும் போதும், செலவு பாதிகூட ஆகாது. ஆனால் பில்டர் வலை புதிது, தலையின் ஓரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) புதிது. இந்த இரண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஓரிங்கை மாட்டும்போது கிரீஸ் தடவாமல் பெட்ரோலில் நனைத்து மாட்டுங்கள். மோட்டாரின் இரண்டு வயரையும் பிரிக்கும் முன் ஒரு படம் எடுங்கள். மாற்றிக் கொடுத்தால் அது தலைகீழாகச் சுற்றும். சத்தம் வரும், அழுத்தம் வராது, நீங்கள் புது மோட்டாரைத் திட்டிக்கொண்டு இருப்பீர்கள்.

மலைக்கோட்டை எலக்ட்ரிகல் எழுதியது:

மோட்டார் மட்டும் மாற்றினால் உள்ளே இருக்கும் குட்டி ஹோஸில் கவனம். கடையில் ‘பெட்ரோல் ஹோஸ்’ என்று கேட்டால் வெளியே போடும் ஹோஸைக் கொடுப்பார்கள். அது உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். முழுக்க மூழ்கிக் கிடந்தால் வெளிப்பக்க ரப்பர் ஊறி, உப்பி, பிய்ந்துவிடும். டேங்குக்குள் போடுவதற்கென்றே ஜே30 ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ் இருக்கிறது. விலை கேட்டால் தலை சுற்றும், அரை அடி போதும். திருகு வைத்த கிளாம்ப் போடாதீர்கள், ஹோஸை அறுக்கும். பெட்ரோல் இன்ஜெக்ஷனுக்கான முழு வட்டக் கிளாம்ப் கேட்டு வாங்குங்கள்.

பழைய ஆம்னி எழுதியது:

சரி, நான் தோற்றேன், செய்யுங்கள். ஆனால் இந்த இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகுதான் பழைய வண்டிகளில் பம்ப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. இதற்கு என்ன சொல்கிறீர்கள் லேத்?

கணபதி லேத் எழுதியது:

எல்லாப் பழியையும் அதன் தலையில் போட மாட்டேன். இந்த வண்டியின் பம்புக்கு வயசாகிவிட்டது. ஆனால் ஒன்று உண்மை: 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில்தான் இ20-க்கு ஏற்ற ரப்பர், பிளாஸ்டிக் போட வேண்டும் என்று ஆனது. 2011 வண்டி அதற்காகச் செய்ததல்ல. எத்தனால் தண்ணீரை இழுக்கும், டேங்கில் பழைய அழுக்கு ஒட்டியிருந்தால் அதையும் கரைத்து எடுத்துவரும். வலையைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓட்டாமல் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிறவர்கள்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

நாகல்நகர் ஐ10 எழுதியது:

முடிந்தது அண்ணே. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில், காலை ஆறரைக்கு ஆரம்பித்தேன். மச்சான் தீயணைப்பானைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு முழு நேரமும் நின்றார்.

பைப் கிளிப் நீங்கள் சொன்னபடியே முரண்டு பிடித்தது. உள்ளே தள்ளிவிட்டு, கிளிப்பைச் சுற்றித் தேங்கியிருந்த மண்ணைப் பல் குத்தும் குச்சியால் எடுத்த பிறகு சுலபமாக வந்தது. வலை காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. அடியில் மாவு போல ஒரு படிவு. அதைப் பஞ்சில் துடைத்தேன். மோட்டார், வலை, ஓரிங், ஆர்10 ஹோஸ் எல்லாம் சேர்த்து பட்டறையில் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஹோஸுக்காக மட்டும் மதுரை வரை போக வேண்டியிருந்தது. திண்டுக்கல்லில் கேட்ட கடைகளில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

எல்லாம் மாட்டி, ஆவி போகட்டும் என்று கதவுகளைத் திறந்தே விட்டு டீ குடிக்கப் போய்விட்டு வந்தேன். பேட்டரி மாட்டி, செல்ப் அடிக்காமல் சாவியை மட்டும் ஆன், ஆப் என்று சில முறை போட்டேன். பம்ப் தலையில் விரல் வைத்துத் தடவிப் பார்த்தேன், ஈரம் இல்லை. பிறகு ஸ்டார்ட். கேஜில் 3.5, மதியம் சிறுமலை உச்சி வரை போய் வந்தும் 3.5. எஞ்சின் இழுக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் ஏறி இறங்குகிறது, முன்பு இப்படி இல்லை. கடிகாரமும் பன்னிரண்டு மணிக்குப் போய்விட்டது.

கணபதி லேத் எழுதியது:

பேட்டரியைக் கழற்றியதால் கம்ப்யூட்டர் தான் கற்று வைத்திருந்த ஐடிலிங் கணக்கை மறந்திருக்கும். ஏசி போடாமல் எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை சும்மா ஓட விடுங்கள், பிறகு ஏசி போட்டுக் கொஞ்ச நேரம். அடுத்த சில நாள் சாதாரணமாக ஓட்டினாலே சமனாகிவிடும். ஆகவில்லை என்றால் எஞ்சினுக்குள் காற்றை விடும் திராட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள், இந்த வயசு வண்டியில் அங்கே கரி பிடித்திருக்கும். அதற்கும் பம்புக்கும் சம்பந்தமில்லை. பின்சீட்டு மூடியை மட்டும் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை திறந்து முகர்ந்து பாருங்கள். வாசனை இருந்தால் ஓரிங் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், அன்றைக்கே பேட்டரியைக் கழற்றிவிட்டு இங்கே எழுதுங்கள். கால் டேங்குக்குக் கீழே விடாமல் ஓட்டுங்கள். மச்சானிடம் தீயணைப்பானைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.